இறங்கலாமா என்று கேட்டார்கள்

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நான் முதன்முதலில் ஆற்றுக்குப் போனது, மறுத்துப் பேச அலுப்பாக இருந்ததால்தான்.

அவருடைய சாவுக்கும் தண்ணீருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு பலர் அப்படி நினைத்துக்கொண்டார்கள். அவர் ஒரு காம்பாக்டிங் பட்டறையில் இருந்தார். சாயம் போட்டு வரும் துணியை நீவி, அளவுக்குச் சுருக்கி, மடித்து அனுப்பும் இடம். ஒரு சாயங்காலம் பட்டறைக்கு எதிரே இருந்த டீக்கடையில் கிளாஸைக் கையில் வாங்கினார், பெஞ்சில் உட்கார்ந்தார், அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. டீயை ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை என்று கடைக்காரர் என்னிடம் வந்து சொன்னார். அதை ஏன் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நாங்கள் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். திருப்பூர் மண்ணரையில் ஒரு லைன் வீடு. ஒரே மகள், அப்போது எட்டாவது படித்தாள். நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றேன், இன்றும் அங்கேதான் நிற்கிறேன். தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் டியூப் லைட்டுக்குக் கீழே விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், பனியனின் கைத்துணிக்கும் உடம்புத்துணிக்கும் நிற ஷேடு மாறியிருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவது என் வேலை. காரியம் முடிந்த மறு வாரமே வேலைக்குத் திரும்பிவிட்டேன். நான் அழுவேன் என்று எதிர்பார்த்துப் பக்கத்து டேபிளில் இருந்தவர்கள் தயாராக இருந்தார்கள். அழவில்லை. கை வழக்கம்போல விரித்தது, திருப்பியது, ஒதுக்கியது. முன்பைவிட இப்போது உன் கண்ணில் எதுவும் தப்புவதில்லை என்று சூப்பர்வைசர் சொன்னார்.

அதைத் துக்கம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். துக்கத்தில் ஒரு சூடு இருக்கும். எனக்கு இருந்தது, பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட தாடை மாதிரி ஒன்று. தொட்டால் தெரியும், ஆனால் யாருடைய தாடையையோ தொடுவதுபோல இருக்கும். மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்தாள், அப்படியா என்றேன். மாமியார் ஊரிலிருந்து போன் செய்து அழுதார், அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

பேக்கிங் பிரிவுக்குப் பொறுப்பாக ஒரு அக்கா இருந்தாள். திருப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள், துலுக்க வீட்டுப் பெண். அவள் வீட்டுக்காரர் சொந்தமாக ஒரு வேன் வைத்திருந்தார். வாரநாளெல்லாம் அதில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்குவார், ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது கூப்பிட்டால் சுற்றுலா போவார். கம்பெனியில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை அந்த வேனில் எங்காவது தண்ணீர் இருக்கிற இடத்துக்குப் போய்க் குளித்துவிட்டு வருவது வழக்கம். எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு ஆறு ஓடுகிறது. சாயப்பட்டறைக் கழிவு கலப்பதால் அதில் யாரும் கால்கூட நனைக்க மாட்டார்கள். மழை பெய்த மறுநாள் அது நுரை கட்டிக்கொண்டு போவதை மகளும் நானும் பாலத்திலிருந்து பார்த்திருக்கிறோம். அதனால் குளிக்க வேண்டுமென்றால் வேன் பிடித்துத்தான் போக வேண்டும்.

ஒரு சனிக்கிழமை அக்கா என் டேபிளுக்கு வந்தாள்.

"கண்ணு, நாளைக்குக் கணியூர் ஆத்துக்குப் போறோம். நீயும் வர்ற, புள்ளையும் வர்றா."

"நான் எதுக்குக்கா?"

"ஊட்டுக்குள்ளயே உக்காந்து செவுத்தப் பாத்துட்டு இருக்கறதுக்கு, அங்க வந்து தண்ணியப் பாத்துட்டு உக்காரு. குளிக்கச் சொல்ல மாட்டேன்."

சரி என்றேன். வேண்டாம் என்று சொன்னால் இன்னும் நான்கு வார்த்தை பேச வேண்டியிருக்கும்.

கணியூருக்கு வெளியே அமராவதியின் குறுக்கே ஒரு பழைய தடுப்பணை. அதற்குக் கொஞ்சம் கீழே ஆறு அகன்று, நடுவில் ஒரு மணல் திட்டு, அதற்கப்பால் ஒரு பாறை. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. வேன் நின்றதும் எல்லோரும் இறங்கி ஓடினார்கள். குளிக்காதவள் என்பதால் எல்லோருடைய செல்போனும் கைக்கடிகாரமும் செருப்பும் துணிப்பையும் என் மடிக்கும் காலடிக்கும் வந்து சேர்ந்தன. அன்றிலிருந்து அது என் வேலை ஆனது. ஒரு மருத மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு சாமான்களைப் பார்த்துக்கொள்வேன். சாமான்கள் எங்கும் போகப் போவதில்லை, அதனால் தண்ணீரைப் பார்ப்பேன்.

வேறு எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்பதுதான் காரணம். சிரிக்கிறவர்களைப் பார்த்தால், நாமும் சிரிக்க வேண்டுமோ என்ற பாரம் வரும். தண்ணீர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் ஆறு என்றால் மணல்தான், தண்ணீர் ஓடுவதைச் சேர்ந்தாற்போல ஒரு பகல் முழுக்க நான் அதுவரை பார்த்ததே இல்லை. பார்க்கப் பார்க்க அது ஒன்றுபோல இல்லை என்பது தெரிய ஆரம்பித்தது. தடுப்பணையில் வழிகிற சத்தம் ஒரு மாதம் சன்னமாக இருக்கும், மறு மாதம் தடித்திருக்கும். மணல் திட்டின் நுனி ஒருமுறை கூராக இருக்கும், அடுத்த முறை மழுங்கியிருக்கும். மேலே மலையில் மழை பிடித்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் கூடும் என்று அங்கே துணி துவைக்க வருகிற பெண்கள் பேசிக்கொண்டார்கள். மேலே அமராவதி அணையில் காலையில் திறந்தால் இங்கே வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பதில் அவர்களுக்குள்ளேயே சண்டை வந்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதை வைத்து ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காற்று தென்னை மட்டைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது, வெயிலும் அடித்தது. எங்கள் ஆட்கள் எல்லோரும் தண்ணீரில். அக்கா மணல் திட்டில் பாத்திரத்தை வைத்து, குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு அங்கேயே சோறு போடலாம் என்று தேங்காய்ச் சோறும் தால்சாவும் இறக்கியிருந்தாள். என் மகள் இடுப்பளவு தண்ணீரில் மற்றப் பெண்களோடு நின்றாள். பாறைமேல் எங்களுக்குத் தெரியாத நான்கு வடக்கத்திப் பையன்கள் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் திட்டின் கீழ்நுனியில் நின்ற கொக்குகள் எழும்பி மேட்டுப் பக்கம் போய் உட்கார்ந்தன. பிறகு சேற்று வாடை வந்தது. காற்று எதிர்ப்பக்கமிருந்து அடித்ததால் எனக்குத்தான் அது நன்றாகத் தெரிந்தது. அப்புறம் அக்கரை ஓரமாக, நீளவாக்கில், தண்ணீரின் நிறம் மாறியிருப்பதைப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே நிறத்தில் இரண்டு லாட் துணியைச் சேர்த்துத் தைத்தால் தெரியுமே, அவ்வளவுதான். அந்தப் பட்டையில் தேங்காய் மட்டையும் பிளாஸ்டிக் டம்ளரும் வந்தன, பின்னாலேயே வேரோடு ஒரு ஆகாயத்தாமரைக் கொத்து. அது நேராகப் போகாமல் திரும்பித் திரும்பிப் போனது. திட்டு போன தடவை இருந்ததில் பாதிதான் இருந்தது. நான் பார்க்கும்போதே அதன் ஓரம் உள்ளே வந்தது.

எழுந்து போய்க் கரையோரம் நின்று அக்காவின் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, தண்ணீர் ஏறுகிறது, எல்லோரையும் மேலே வரச் சொல்லுங்கள் என்றேன். அவர் மார்பளவு தண்ணீரில் மல்லாந்து கிடந்தார்.

"இப்பத்தானம்மா தண்ணி நல்லா வருது. சித்தநேரம் இருங்க."

தண்ணீருக்குள் இருக்கிறவருக்கு அது ஏறுவது தெரியாது, அவரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டல்லவா ஏறுகிறது. இதை நான் விளக்கவில்லை. செல்போன்கள் இருந்த பையை மரத்தடியில் வைத்துவிட்டுச் சேலையோடு இறங்கினேன். முதலில் மகளின் கையைப் பிடித்துக் கரைப்பக்கம் தள்ளிவிட்டேன். அப்புறம் திட்டுக்குப் போய் அக்காவின் முழங்கையைப் பிடித்தேன்.

"அக்கா, கரைக்கு வா."

"சோறு இறக்கி வெச்சிருக்கறேனே."

"சோறு இருக்கட்டும். வா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன இருந்தது என்று அவள் பிறகும் சொன்னதில்லை. ஒன்றும் இல்லாததுதான் அவளைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். பாத்திரத்தை விட்டுவிட்டு, தன் வீட்டுக்காரரையும் மற்றவர்களையும் பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிட்டாள். அவள் கத்தினால் கம்பெனியே நடுங்கும். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே கரையேறினார்கள். தலை துவட்டி முடிப்பதற்குள் திட்டு இல்லை. சோற்றுப் பாத்திரம் சாய்ந்து, ஒரு சுற்று சுற்றி, மூடியோடு போய்விட்டது.

பாறைமேல் இருந்த பையன்களுக்கு நான் முன்பே கையசைத்திருந்தேன். அவர்கள் பதிலுக்குக் கையசைத்தார்கள். இப்போது பாறைக்கும் கரைக்கும் நடுவில் பழுப்புத் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. அவர்களில் ஒருவன் உட்கார்ந்து பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். தோப்பில் வேலை செய்தவர்கள் கயிறும் லாரி டியூபும் கொண்டுவந்து, தென்னையில் கட்டி, ஒவ்வொருவராக இழுத்தார்கள். ரொம்ப நேரம் ஆனது. நான்கு பேரும் வந்து சேர்ந்தார்கள். கடைசியில் வந்தவன், மீசைகூட முளைக்காதவன், யாரிடம் போவது என்று தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் பாஷையில் அக்கா என்று கூப்பிடுவதுபோல, தீதி, தீதி என்று அழுதான். அவன் கை ஈரமாக இருந்தது. அதைக் கவனித்தேன். துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் போக வேண்டிய ஷிப்மென்ட்டில் இன்னும் ஒரு கலர் செக்கிங் பாக்கி இருப்பது நினைவுக்கு வந்தது.

வேனில் திரும்பும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அக்காவின் வீட்டுக்காரர், அந்தப் பொண்ணு மட்டும் சொல்லாட்டி என்று தொடங்கி முடிக்காமல், மறுபடி அதையே தொடங்கிக்கொண்டு வண்டியை ஓட்டினார். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து துணி மாற்றும்போது கேட்டாள்.

"அம்மா, உனக்குப் பயமே இல்லையா?"

"பயந்தா வேலைக்காகுமா?" என்றேன்.

அது பதில் இல்லை. தைரியசாலிகள் பயத்தை அடக்கிக்கொள்வார்கள் என்று சொல்வார்கள். எனக்கு அடக்க ஒன்றுமே இருக்கவில்லை. அவள் தூங்கிய பிறகு நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். அது டேபிளில் நிற்கும்போது எப்படி அடிக்குமோ அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் எங்கள் கம்பெனி ஆட்கள், பிறகு அவர்கள் சொல்லி வேறு கம்பெனி ஆட்கள். குடும்பத்தோடு அணைப் பக்கம் போகிறோம், பிள்ளைகளை இறக்கலாமா? கொள்ளிடம்வரை போகிறோம், இப்போது எப்படி? தெரியாத இடத்தைப் பற்றித் தெரியாது என்பேன். தெரிந்த இடமென்றால் பார்த்துச் சொல்வேன். கணியூர்ப் பாலத்தருகே டீக்கடை போட்டிருந்த பெண்ணின் நம்பரைத் துவைக்க வருகிற ஒருத்தியிடம் வாங்கி வைத்திருந்தேன். அவளுக்குப் போன் செய்தால் ஆற்றைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கலங்கலா, தெளிவா, துவைக்கிற கல் தெரிகிறதா மறைந்துவிட்டதா என்று சொல்வாள். மலையில் மழை என்று டிவியில் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். இரண்டொரு முறை என் பேச்சைக் கேட்டுத் திரும்பியவர்கள், அன்று மத்தியானமே தண்ணீர் வந்ததாகச் சொல்லி இனிப்பு கொண்டுவந்தார்கள்.

செக்கிங்குக்குப் புதிதாக வந்த பெண்கள், என் வீட்டுக்காரர் ஆற்றோடு போனவர் என்றும், அதனால்தான் நான் தண்ணீரை இப்படிப் பார்க்கிறேன் என்றும் பேசிக்கொண்டார்கள். அக்கா கேட்டுவிட்டு அவர்களைத் திட்டப் போனாள். விடுக்கா என்றேன். அவர்களுக்கு அந்தக் கதை பொருத்தமாகத் தெரிந்தது. டீக்கடை பெஞ்சைவிட ஆறு பொருத்தமாகத்தான் இருந்தது.

மகள் ஒன்பதாவதுக்குப் போன வருடம் ஐப்பசியில் நல்ல மழை. பொங்கலூருக்கு அந்தப் பக்கம், பல வருடமாகக் காய்ந்து சீமைக் கருவேலம் முளைத்துக் கிடந்த ஒரு குளம் நிரம்பிவிட்டது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று எல்லோர் செல்போனிலும் அதன் படம் சுற்றியது. டெய்லர் பையன்களும் பெண்களும் அங்கே போக முடிவு செய்தார்கள். மகளும் பள்ளித் தோழிகளோடு வருவதாக இருந்தாள். நான் முந்தின நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு அக்காவோடு பஸ்ஸில் போய்ப் பார்த்தேன்.

அழகாகத்தான் இருந்தது. இழுப்பு இல்லை, நாற்றம் இல்லை, அலை இல்லை. காற்றாலைகள் தலைகீழாக அதில் சுற்றின. நான் கரையில் நடந்தேன். ஒரு இடத்தில் டிராக்டர் சக்கரத் தடம் தண்ணீருக்குள் இறங்கியது. கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு தடம் இறங்கியது. இரண்டும் வெளியே வரவே இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

"கோடையில வண்டல் அள்ளுனாங்கங்க. அங்கங்க ஆளு ஒசரத்துக்குத் தோண்டிட்டுப் போயிட்டாங்க. எது எங்க இருக்குதுன்னு இப்பத் தெரியாதுங்க" என்றாள்.

இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரலாம், தண்ணீருக்குள் வேண்டாம். அன்று சாயங்காலம் மகள் சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"உனக்கு எதுமேலயும் ஆசை இல்லம்மா. அதனால எல்லாருக்கும் வேண்டாம்னு சொல்ற."

"குழி இருக்கு."

"குழி எல்லா எடத்துலயும்தான் இருக்குது. நீ எதையாவது வேணும்னு சொல்லி நான் பாத்ததே இல்ல. அப்பா இருந்தா வந்திருப்பாரு. அவரு எறங்கியிருப்பாரு."

நான் தட்டை எடுத்துக் கழுவினேன். வலித்திருக்க வேண்டும். வலித்ததா என்று கவனித்துப் பார்த்தேன், தெரியவில்லை.

எங்கள் வேன் போகவில்லை. ஆனால் பையன்களில் சிலர் பைக்கில் போனார்கள், வேறு கம்பெனி ஆட்களும் போனார்கள். எல்லோரும் குளித்தார்கள், எல்லோரும் திரும்பி வந்தார்கள். திங்கட்கிழமை முழுக்க நனைந்த தலையும் சிரிப்புமாகப் படங்கள் வந்தன. தேநீர் இடைவேளையில் நான் போனதும் பேச்சை மாற்றினார்கள்.

மகள் சொன்னது டேபிளில் நிற்கும்போது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. நான் பார்த்தது குளத்தையா, என்னையா? எங்கள் வேலையில் ஒரு விஷயம் உண்டு. புதிதாகச் சேரும் பெண் பயத்தில் எல்லாப் பீஸையும் ஒதுக்குவாள். ஒதுக்குவதால் அவளுக்கு ஒரு கெடுதலும் வராது. சரி என்று விடும்போதுதான் தன் நம்பர் ஸ்டிக்கரை அதில் ஒட்ட வேண்டும். ஒதுக்க மட்டும் தெரிந்தவளை சூப்பர்வைசர் ஒரு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார். தண்ணீர் விஷயத்தில் நான் எத்தனை தடவை இறங்குங்கள் என்று சொல்லியிருக்கிறேன் என்று யோசித்தேன். சொல்லியிருக்கிறேன், பிறருடைய பிள்ளைகளுக்கு, போனில். அந்த ஆடி மாதத்துக்குப் பிறகு என் மகளை நான் எங்கேயும் இறங்க விடவில்லை. அவள் கேட்கவும் இல்லை. பொங்கலூர்தான் முதல்முறை கேட்டது.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, கணியூருக்குப் போகலாமா என்று அவளைக் கேட்டேன். அவள் சந்தேகமாகப் பார்த்தாள்.

"எல்லாரும் போறாங்களா?"

"இல்ல. நீயும் நானும்."

பஸ்ஸில் போனோம். உடுமலையில் மாறி இன்னொரு பஸ். ஆறு வற்றி, தெளிந்து, இரண்டு மூன்று கால்களாகப் பிரிந்து மணலில் ஓடிக்கொண்டிருந்தது. டீக்கடைப் பெண் என்னை முதல்முறை நேரில் பார்த்து, நீங்கதானா அது என்று கேட்டு, அணையிலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தி நாளாகிவிட்டது என்றாள். அவளிடமிருந்து ஒரு மூங்கில் கம்பை வாங்கிக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, நான் முதலில் இறங்கினேன். அந்த இடத்தை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நடந்து குத்திப் பார்த்தேன். மணல் கெட்டியாக இருந்தது. அதிகபட்சம் முழங்கால். தடுப்பணைச் சத்தம் சன்னமாக, ஒரே சீராக இருந்தது. சிறு மீன்கள் காலைக் கடித்தன. மகள் கரையில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒதுக்குவதற்கு எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

கரையேறி வந்து, "இறங்கு" என்றேன்.

அவள் சுடிதார் காலைச் சுருட்டிவிட்டுக்கொண்டு இறங்கினாள். கணுக்கால் மறைந்தது. அப்புறம் ஆடுசதை. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நடுவில் போய், உட்கார்ந்து, பின்னால் சாய்ந்து தலையை நனைத்தாள். ஒரு கணம் அவள் முகம் தண்ணீருக்குள் போனது. முடி மட்டும் மேலே பரவியது.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. காதில் இரைந்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டேன், பட்டை உரிந்து கையோடு வந்தது. எனக்குத் தெரியும், அது முழங்கால் தண்ணீர், நானே குத்திப் பார்த்த தண்ணீர். தெரிந்தது எதுவும் உதவவில்லை. நான் கத்தியிருக்கிறேன். துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்ததால்தான் எனக்கே அது தெரிந்தது.

மகள் எழுந்து நின்றாள். தண்ணீர் அவள் முட்டியில் நின்றது.

"என்னம்மா ஆச்சு? இங்க முட்டிதான் இருக்குது."

"தெரியும்."

"அப்பறம் ஏன் கத்தற?"

"தெரியல. அங்கேயே நில்லு."

அவள் நிற்காமல் வெளியே வந்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் தாடை நடுங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஈரம் என் தோளில் ஊறியது. கொஞ்ச நேரம் கழித்து, மறுபடி போகட்டுமா என்று கேட்டாள். இந்தத் தடவை கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். போ என்றேன். அவள் வெயில் இறங்கும்வரை குளித்தாள். நான் ஒரு நிமிடம்கூட நிம்மதியாக உட்காரவில்லை. அவள் தலை முங்கிய ஒவ்வொரு முறையும் எனக்கு மூச்சு நின்று வந்தது. திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள், துணி இன்னும் ஈரமாக இருக்கிறது, சீட்டு நனையும் என்று.

மற்றதெல்லாம் அப்படியேதான் இருந்தது. வீட்டுக்காரருக்காக அழ வேண்டும் என்று அதற்குப் பிறகு ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. அவருடைய சட்டையை மடித்து வைக்கும்போது அது ஒரு சட்டையாகத்தான் இருந்தது. அந்தப் பயம் மட்டும் வந்துவிட்டது, வந்தது போகவில்லை. மகள் ரோட்டைக் கடக்கும்போது வரும், அவள் பஸ் தாமதமானால் வரும். யாராவது போன் செய்து இறங்கலாமா என்று கேட்டால் அவர்கள் பிள்ளைகளை நான் பார்த்தே இருக்க மாட்டேன், அப்போதும் வரும். முன்பு போலச் சட்டென்று ஆமாம், இல்லை என்று சொல்ல வாய் வருவதில்லை. ஒன்றுக்கு இரண்டு முறை டீக்கடைக்குப் போன் செய்கிறேன். அந்தப் பெண்ணுக்கு எரிச்சல் வருகிறது என்று குரலிலேயே தெரிகிறது.

போன மாதம் வேனில் அணையின் பின்பக்கம் போனோம். தண்ணீர் அடங்கி, பச்சையாக, பரந்து கிடந்தது. எனக்கு அந்த இடம் புதிது. அக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன கண்ணு, எறங்கலாமா?"

நான் அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம்வரை பார்த்தேன். கம்பு எட்டுகிற தூரம்வரை குத்தியும் பார்த்திருந்தேன். அதற்கப்பால் என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

"தெரியலக்கா" என்றேன்.

"முன்னெல்லாம் டக்குனு சொல்லீருவியே."

"ஆமாக்கா. இப்ப வர மாட்டேங்குது."

அப்படியானால் முட்டிவரைக்கும் மட்டும் என்று சொல்லிவிடுகிறேன் என்றாள். பிறகு வேனிலிருந்து சோற்றுப் பாத்திரத்தை இறக்கப் போனாள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.